பெருநாள் விடுப்பும் தறிக் கூலியும்

இருபத்தொன்பதாம் நோன்பின் அந்திப் பொழுதை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். நோன்பு திறந்து, மஃரிபு தொழுது முடித்ததும் நம் கண்கள் மேற்கு வானத்தில் மெல்லிய பிறைக் கீற்றைத் தேடுகின்றன. வீட்டிலே குழந்தைகள் புத்தாடையை எடுத்து எடுத்துப் பார்க்கின்றனர். எல்லா இல்லங்களிலும் மகிழ்ச்சி ததும்பும் நேரம் அது.

அதே நேரத்தில் ஒரு விசைத்தறி நெசவாளர் வேறொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது. சேலத்துக்குத் தெற்கே, ஆட்டையாம்பட்டியையும் இராசிபுரத்தையும் அடுத்த வெண்ணந்தூர், தறியோசை கேட்கும் ஊர். 1997 ஜனவரி முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. இத்தகைய தறி ஊர் ஒன்றிலே, பல சமயத்தவரோடு தோளுரசிப் பணிபுரியும் ஒரு முஸ்லிம் நெசவாளரை மனக்கண் முன் நிறுத்துங்கள். அன்று மாலை பட்டறைக்காரர் அவரிடம் கேட்கிறார்: "பண்டிகை நாளைக்கா, நாளான்னைக்கா? ஏதாச்சும் ஒண்ணு உறுதியாச் சொல்லப்பா." நெசவாளரின் பதில்: "பிறை தெரிஞ்சாத்தானுங்க சொல்ல முடியும்."

இருவர் பேச்சிலும் தவறில்லை. தறியை நிறுத்துவதா, மாற்றாள் வைப்பதா என்று முதல்நாளே அறிய வேண்டிய கட்டாயம் பட்டறைக்காரருக்கு. வானத்துப் பிறையை முன்கூட்டியே வரவழைக்க நெசவாளரால் இயலாது. ஆனால் பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்று மட்டும் உறுதி. அவர் தொழுகைத் திடலுக்குச் செல்லும் நாளில் அவருடைய தறியில் துணி ஏறாது. துணி ஏறாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆண்டிலே மிகுதியாகச் செலவாகும் நாளே வருவாயற்ற நாளாகவும் அமைந்துவிடுகிறது.

மீட்டர் கணக்கில் வாழ்வு

தறிக் கூலியின் இயல்பை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். விசைத்தறி நெசவாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. நெய்த துணியை மீட்டர் கணக்கில் அளந்து, வாரந்தோறும் கூலி வழங்குவதே வழக்கம். ஒருவர் பல தறிகளைக் கவனிப்பார். நூல் அறுந்தால் முடிய வேண்டும். நாடாவில் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். பாவு தீர்ந்தால் புதிய பாவைப் பிணைக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும், மின்சாரம் நின்றுபோகும் நேரத்துக்கும் துணி இல்லை. ஆகவே கூலியும் இல்லை.

இதற்கு மேலும் ஒரு பிணைப்பு உண்டு. நாமக்கல், ஈரோடு வட்டாரத் தறித் தொழிலில் முன்பணம் என்பது நெடுநாளைய வழக்கம். மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ பட்டறையில் பெற்ற பணம் நெசவாளரின் பெயரில் நிற்கும். அது தீரும்வரை வேறு பட்டறைக்குச் செல்ல முடியாது. முன்பணம் நிற்கும் இடத்தில், "பெருநாளுக்கு விடுப்பும் வேண்டும், அதற்குக் கூலியும் வேண்டும்" என்று நிமிர்ந்து கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

பட்டறைக்காரர் பக்கத்தையும் பார்ப்பதே நீதி. சிறு பட்டறைகளின் உரிமையாளர் பலர், ஜவுளி வியாபாரியிடம் பாவும் நூலும் பெற்று, நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று தாமும் கூலியே பெறுகின்றனர். தறி நின்றால் அவருக்கும் இழப்பு. தீபாவளிக்கு முன்னர் போனசுக்காக இந்தத் தறி ஊர்களில் நிகழும் பேச்சுவார்த்தைகள் நீண்டு இழுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நெருக்கடியில் பெருநாள் ஒருநாள் கூலியைப் பற்றிப் பேச எவருக்கும் நேரம் இருப்பதில்லை.

தீபாவளி முடிந்ததும் பட்டறைகள் சில நாள் ஓய்ந்திருக்கும். ஊர் சென்ற தொழிலாளர் திரும்பும்வரை தறி ஓடாது. நம் நெசவாளருக்கு அது கேளாமல் வந்த, கூலியற்ற விடுப்பு. பெருநாளிலோ கேட்டுப் பெற்ற, கூலியற்ற விடுப்பு. சந்திரக் கணக்கின்படி நம் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. அத்தகைய ஆண்டுகளில் இரண்டு விடுப்பும் ஒன்றாகிவிடும். மற்ற ஆண்டுகளில் இழப்பு இரட்டிப்பாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓய்வு நாள் என்பது யாரோ மனமிரங்கி அளித்த பரிசன்று. இந்தியாவில் ஞாயிறு விடுமுறைக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகண்டே 1884 முதல் போராடினார். 1890இல்தான் அது கைகூடியது. நம் சென்னையிலே 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று, உணவு இடைவேளையை அரைமணியிலிருந்து நாற்பது நிமிடமாக நீட்டுவது. பத்து நிமிடத்துக்காக மன்றாட வேண்டியிருந்த காலம் அது!

அந்தப் போராட்டங்களின் விளைவாகச் சட்டங்கள் வந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஓர் எளிய கணக்கை வகுத்தது. ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வோர் இருபது நாளுக்கும் ஒருநாள் வீதம் மறு ஆண்டில் ஊதியத்துடன் விடுப்பு. அதாவது 240 நாளுக்குப் பன்னிரண்டு நாள். 2020இல் இயற்றப்பெற்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த புதிய தொகுப்புச் சட்டம், 240 நாள் என்பதை 180 நாளாகக் குறைத்தது. இருபதுக்கு ஒன்று என்னும் அளவை அப்படியே வைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கெனத் தனிச் சட்டமும் உண்டு. 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் உரியது. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, ஐந்து பண்டிகை நாட்களும் ஊதியத்துடன் கூடிய விடுமுறைகள். விடுமுறை நாளில் பணிசெய்ய நேர்ந்தால் இருமடங்கு ஊதியம் தரவேண்டும். அல்லது அன்றைய ஊதியத்தோடு, மாற்றாக வேறொரு நாள் ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும். கடைகளில் பணிபுரிவோருக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டுப் பணி முடித்தபின் பன்னிரண்டு நாள் ஊதிய விடுப்பை வழங்குகிறது. நோய்க்கெனப் பன்னிரண்டு நாளையும், தற்செயல் தேவைகளுக்கெனப் பன்னிரண்டு நாளையும் தனியே குறிக்கிறது.

இதிலே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த ஐந்து பண்டிகைகள் எவை என்பதைச் சட்டம் குறிப்பிடவில்லை. முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து, ஆய்வாளர் குறிக்க வேண்டும் என்கிறது. ஆண்டுதோறும் அந்தப் பட்டியல் எழுதப்படும் வேளையில் நாம் வாய் திறப்பதில்லை. பெருநாள் வந்தபின் "எங்கள் பண்டிகைக்கு விடுமுறை இல்லையே" என்று மனம் நோகிறோம். பட்டியல் எழுதும்போதே பணிவோடும் தெளிவோடும் கேட்டிருந்தால் மனத்தாங்கல் பாதி தீர்ந்திருக்கும் அன்றோ?

ஆயினும் சட்டம் எட்டாத இடம் உண்டு. விசையால் இயங்கும் பட்டறையில் பத்துப் பேரேனும் பணிபுரிந்தால்தான் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொழிற்சாலையாகக் கருதியது. நான்கு தறி, ஆறு தறி கொண்ட சிறு பட்டறைகள் பெரும்பாலும் அந்த வேலிக்கு வெளியிலேயே நின்றன. அங்கே இருக்கும் ஒரே ஆய்வாளர் மனச்சாட்சிதான். மனச்சாட்சியின் பேரேட்டை இறைவன் பார்க்கிறான்.

மார்க்க மேதைகளின் கணக்கு

உழைப்பவனின் வியர்வை உலருமுன் அவனுக்குரிய கூலியைக் கொடுத்துவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம். கூலிக்கு ஆள் அமர்த்தி, முழு வேலையும் வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக இறைவன் எச்சரித்திருப்பதையும் கேட்டிருக்கிறோம். ஆனால் விடுப்பு நாள் ஊதியம் இவற்றில் அடங்குமா? உழைக்காத நாளுக்கு எதற்குக் கூலி? இது நியாயமான கேள்வி. நம் முன்னோரான சட்ட மேதைகள் இதனைத் தட்டிக் கழிக்கவில்லை.

அவர்கள் கூலியாட்களை இரு வகையாகப் பிரித்தனர். தையற்காரர், சலவையாளர் போன்று பலருக்கும் பணிசெய்பவர் ஒரு வகை. அவருக்கு வேலை முடிந்தால் கூலி. ஒருவருக்கே தம் நேரத்தை ஒப்படைத்தவர் மற்றொரு வகை. அவர் பணிக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவர் ஆகிறார். வேலை கொடுப்பது அமர்த்தியவரின் பொறுப்பு.

இப்போது நம் நெசவாளரை நினையுங்கள். மீட்டர் கணக்கில் கூலி பெறுவதால் அவர் முதல் வகை போலத் தோன்றுகிறார். ஆனால் காலை முதல் இரவு வரை ஒரே பட்டறையில், ஒருவருடைய தறியில், ஒருவருடைய முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார். வேறோர் இடத்தில் ஒரு முழம் நெய்யவும் அவருக்கு உரிமையில்லை. பெயரளவில் துணிக்குக் கூலி. உண்மையிலோ அவருடைய நேரம் முழுவதும் விலைபோயிருக்கிறது. நேரத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, கூலி கொடுக்கும்போது மட்டும் துணியை அளப்பது எந்த வகையில் சரியாகும்? சிந்தித்துப் பாருங்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த ஹனஃபி சட்ட மேதை இப்னு நுஜைம் (ரஹ்) அவர்கள், ஓய்வு நாளின் ஊதியத்தைப் பற்றியே ஆராய்ந்திருக்கிறார். வழக்கு விசாரிக்காத ஓய்வு நாளுக்கு நீதிபதி பொதுநிதியிலிருந்து ஊதியம் பெறலாமா என்ற வினாவில் இரண்டு கருத்துகளை எடுத்துக்காட்டுகிறார். பெறலாம் என்பதே வலுவான கருத்து. அதற்குக் கூறப்படும் காரணம் நெஞ்சைத் தொடுவது. அவர் ஓய்வெடுப்பது மறுநாள் பணிக்காகத்தான் என்பதே அது.

எத்துணை ஆழ்ந்த கருத்து! ஓய்வு உழைப்புக்குப் புறம்பானதன்று. அடுத்த உழைப்பின் முதற்பகுதி அது. இருபது நாளுக்கு ஒருநாள் என்னும் இக்காலக் கணக்கும் இதையே சொல்கிறது. இருபது நாள் தறியில் நின்றவர் இருபத்தோராம் நாளின் ஓய்வை ஈட்டிவிட்டார். அதனை மறுப்பது சலுகையை மறுப்பதன்று. ஈட்டிய கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதாகும்.

குகைக்குள் அகப்பட்ட மூவரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் ஒருவர், கூலியை வாங்காமல் சென்றுவிட்ட தொழிலாளியின் பங்கைத் தனியே பேணிப் பெருக்கினார். அது ஆடு, மாடு, ஒட்டகம் என்று மந்தையாகி நின்றது. பல காலம் கழித்து அவன் வந்து கேட்டபோது அனைத்தையும் ஓட்டிச்செல்ல விட்டார். அந்த நற்செயலை முன்னிறுத்தி அவர் இறைஞ்ச, பாறை விலகிற்று. கேளாமற் போனவனின் கூலியையும் காத்தவர் அவர். கேட்டு நிற்பவரின் கூலியை நாம் என்ன செய்கிறோம்?

ஒரு மணி நேர ஜும்ஆ

வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜும்ஆ நாள் முழுவதையும் ஓய்வு நாளாக்கும்படி திருமறை கட்டளையிடவில்லை. அழைப்பு ஒலித்ததும் வணிகத்தை விட்டு வருமாறும், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறும் அறுபத்திரண்டாம் அத்தியாயம் பணிக்கிறது. மார்க்கம் கேட்பது அந்த ஒரு நேரத்தைத்தான்.

வார ஓய்வு நாளை நாடுகள் மாற்றியமைத்ததும் உண்டு. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. சவூதி அரேபியா 2013இல் வியாழன், வெள்ளி என்றிருந்த விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் அரசுப் பணியாளருக்கு வெள்ளியை அரைநாள் வேலை நாளாக்கி, சனி, ஞாயிறை விடுமுறையாக்கியது. கிழமை மாறலாம். ஜும்ஆவின் நேரம் மாறாது.

அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்கலாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் 'ரத்துல் முஹ்தார்' போன்ற ஹனஃபி நூல்களில் இதற்கு விடை காணலாம். நகரில் இருக்கும் கூலியாளை ஜும்ஆவுக்குச் செல்லவிடாமல் தடுக்கலாகாது. பள்ளிவாசல் அருகிலிருந்தால் கூலியில் எதுவும் குறைக்கப்படாது. தொலைவிலிருந்தால் சென்று வரும் நேர அளவுக்குக் குறைக்கலாம் என்பது அபூ அலீ தக்காக் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. மாறுபட்ட கருத்துடையோரும் உளர். இருதரப்புக்கும் நீதி செய்ய முயன்ற அளவுகோலாக இது விளங்குகிறது. தொழிலாளியின் கடமையும் காக்கப்படுகிறது. அமர்த்தியவரின் நேரமும் மதிக்கப்படுகிறது.

பட்டறையிலே இதனைச் செயற்படுத்த எளிய வழியும் உண்டு. ஜும்ஆவுக்குச் செல்பவரின் தறிகளை அருகில் நிற்பவர் அந்நேரம் பார்த்துக்கொள்ளலாம். பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோ அவர் செல்லும்போது இவர் அவருடைய தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒத்துழைத்தால் தறியும் நிற்காது, மனமும் கோணாது. ஆனால் இந்த ஏற்பாடு நம்பிக்கையின் மீது நிற்பது. தொழுகைக்கென்று விடைபெற்றுத் தேநீர்க் கடையில் நேரம் போக்கினாலோ, உடல்நலம் குன்றியதாகப் பொய் கூறி விடுப்பெடுத்தாலோ, கெடுவது நம் பெயர் மட்டுமன்று. நமக்குப் பின் அங்கே பணிக்கு வரும் சகோதரரின் ஜும்ஆவும் கெடுகிறது.

நம் வீட்டுக் கண்ணாடி

இதுவரை படித்தபோது, வாசகர்களே, நீங்கள் உங்களைத் தொழிலாளியின் இடத்தில் வைத்தே பார்த்திருப்பீர்கள். இப்போது கண்ணாடியைச் சற்றே திருப்புவோம்.

நம்முள் கடை வைத்திருப்போர் பலர். தோல் தொழில், ஜவுளி, பாத்திரக் கடை, உணவகம் என்று பிறருக்குக் கூலி கொடுக்கும் நிலையில் இறைவன் நம்மில் பலரை வைத்திருக்கிறான். நோன்புப் பெருநாளில் கடையை அடைக்கிறோம். அன்று நாள்கூலிக்கு வருபவரின் வீட்டு அடுப்பு என்னவாயிற்று என்று கேட்டோமா? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் விடுப்புக் கேட்கும் பணியாளரிடம் "கூலி கிடையாது, போய் வா" என்று சொல்லிவிட்டு, நம் பெருநாளுக்குப் பிறர் ஊதியத்துடன் விடுப்புத் தரவேண்டும் என எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்? தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் அளப்போருக்குத் திருமறையில் கேடு கூறப்பட்டிருக்கிறது. அது தானியத்துக்கும் துணிக்கும் மட்டுமா? விடுப்பு நாளுக்கும் அந்தத் தராசு பொருந்தாதா?

கடை இல்லாத இல்லங்களிலும் இந்தத் தராசு உண்டு. பாத்திரம் துலக்கவும் துணி வெளுக்கவும் ஓர் அம்மா வருகிறார். மாதத்தில் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தால் சம்பளத்தில் அந்த இரண்டு நாளைக் கழிக்கிறோம். நாமோ பத்து நாள் ஊருக்குச் சென்று வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, "வேலையே இல்லையே" என்று அந்தப் பத்து நாளையும் கழிக்கிறோம். அவர் வருவதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தார். கதவைப் பூட்டியவர்கள் நாம். பத்தாண்டு பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நோக்கி அண்ணலார் (ஸல்) ஒருமுறையேனும் சலிப்புச் சொல் உதிர்த்ததில்லை என்பதை நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அதே பிள்ளைகள் பார்த்திருக்க, அந்த அம்மாவின் பத்து நாளைக் கழிக்கிறோம்.

தாய்மார்களே! இந்தத் திருத்தத்தைத் தொடங்க வேண்டியவர்கள் நீங்கள்தாம். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோ, சங்கக் கூட்டமோ இதற்குத் தேவையில்லை. அடுத்த மாதச் சம்பளத்தை எண்ணும்போது அந்த நாட்களைக் கழிக்காமல் முழுதாக எண்ணிக் கொடுங்கள். பெருநாளுக்கு முன்பே கொடுங்கள். பித்ராவையும் அன்பளிப்பையும் அந்தக் கூலிக்கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். தானம் வேறு, கடன் வேறு. கூலி என்பது நாம் பட்ட கடன்.

பட்டறைகளிலும் கடைகளிலும் பணிபுரியும் சகோதரர்களே! உரிமையைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்கும் முறையில் இனிமை வேண்டும். ஆண்டின் பட்டியல் எழுதும் வேளையிலேயே பேசுங்கள். பெருநாள் ஒருநாள் முன்பின்னாக அமையலாம் என்பதை விளக்கிச் சொல்லுங்கள். நீங்கள் இல்லாத நாளில் தறியைப் பார்த்துக்கொள்ளும் தோழருக்கு, அவருடைய பண்டிகை நாளில் அந்த நன்றியைத் திருப்பிச் செலுத்துங்கள்.

மீண்டும் அந்த இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை வரும். மேற்கே பிறை தெரியும், ஊர் மகிழும். அன்று பட்டறைக்காரர், "நாளைக்குப் பண்டிகையா? போய் வாப்பா, அன்னைக்குக் கூலியையும் சேர்த்தே எழுதிடறேன்" என்று சொல்லும் நிலை வரவேண்டும். அத்தகைய சொல்லைப் பிறரிடமிருந்து எதிர்பார்க்குமுன், நம்மிடம் பணிபுரிவோருக்கு அதனைச் சொல்லியிருக்கிறோமா என்று இந்த வெள்ளிக்கிழமையே எண்ணிப் பார்ப்போமாக! நீதியோடு அளந்து கொடுக்கும் நெஞ்சத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!